அரைப்பேர் மெடல்

கோபம் வந்தால் செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுவது பாக்கியலெட்சுமியின் வழக்கம். அன்று காலை மடுல்சீமைப் பக்கத்து வெள்ளிமலைத் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற கூட்டத்தின் நடுவே, அதை மூன்றாம் தடவையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். காரணம் கணக்கப்பிள்ளை புவனேந்திரன்.

“என்னா பாக்கியம், மகளுக்கு அரைப்பேர் மெடல் கெடச்சிருச்சாமே?” என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். சிரிப்பதற்கு அவருக்கு வேறு ஆள் தேவைப்படுவதில்லை.

அரைப்பேர் என்றால் என்னவென்று தோட்டத்து ஆளுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிவிடலாம். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ தேயிலைக் கொழுந்து ஆய வேண்டும். ஆய்ந்தால் புத்தகத்தில் ஒரு முழுப்பேர். அரைக் கிலோ குறைந்தாலும் அரைப்பேர், பாதிச் சம்பளம். விடிந்ததும் மலைக்குப் போய், அட்டைக் கடியும் மழையும் வாங்கிக்கொண்டு, பொழுது சாயத் திரும்புகிறவள் அன்றைக்குப் பாதிநாள்தான் உயிரோடு இருந்தாள் என்று புத்தகம் சொல்லும். அதுவும் தராசு காட்டுகிற எடைக்கு இல்லை. பகல் நிறுவையிலும் மாலை நிறுவையிலும் சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கணக்கப்பிள்ளை வெட்டிவிட்டுத்தான் எழுதுவார். வெயில் மண்டையைப் பிளக்கிற மாசியிலும் ஈரத்துக்கு வெட்டுவார். அது எந்த ஈரம் என்று அந்த மலையில் இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை.

ஒரே ஒருத்தி கேட்டிருக்கிறாள், வேறு மாதிரி. பாக்கியலெட்சுமியின் மகள் ஜெயந்தினி. அப்போது அவளுக்குப் பத்து வயது. சாயங்காலம் லயத்து வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, “இன்னைக்கும் அரைப்பேர்தான்” என்று அம்மா அலுத்துக்கொண்டபோது, பிள்ளை கேட்டாள்: “அப்ப மத்த பாதியில நீ எங்கம்மா போன?” பாக்கியலெட்சுமி எழுந்து போய் ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். ஆனால் அந்தக் கேள்வி பதினான்கு வருடமாக அவளுக்குள் அப்படியே கிடந்தது.

அந்த ஜெயந்தினிதான் இப்போது கடல் கடந்து ஒரு பெரிய சர்வதேச விளையாட்டு விழாவில் இருந்தாள். குத்துச்சண்டை. பெண்கள் லைட் ஹெவிவெயிட், அதாவது எழுபத்தைந்து கிலோவுக்கு மேல், எண்பத்தொரு கிலோவுக்குள். லயத்தில் ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்த பிள்ளைக்கு எழுபத்தெட்டுக் கிலோ எங்கிருந்து வந்தது என்பது அந்த ஊரில் யாருக்கும் விளங்காத விஷயம். பள்ளிக்கூடத்தில் அவளைத் தண்ணித்தாங்கி என்று கூப்பிட்டார்கள். பதினாறு வயதில், பதுளை டவுனில் நிஸாம் என்கிற இளைஞன் நடத்துகிற குத்துச்சண்டைக் கிளப்புக்குள் வழி தவறியவள் மாதிரி நுழைந்தாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?” என்றானாம். உடம்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவன்தான் என்று ஜெயந்தினி இப்போதும் சொல்வாள்.

அந்த விழாவில் அவளுடைய எடைக்கு ஏழு நாடுகள்தான் ஆள் அனுப்பியிருந்தன. ஏழு பேரை ஜோடி சேர்த்தால் ஒருத்தி மிஞ்ச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் மிஞ்சியவள் ஜெயந்தினி. எதிராளி இல்லாமல் நேரே அரையிறுதி. குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கிற இரண்டு பேருக்குமே வெண்கலம். ஆகவே கையுறை மாட்டாமலேயே மெடல் நிச்சயம் என்றாகிவிட்டது. செய்தி வந்த மறுநாளே பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கதிர்காமநாதன் முதலாளி வாழ்த்துப் பேனர் கட்டிவிட்டார். அதில் ஜெயந்தினியின் படம் சிறிது, முதலாளியின் படம் பெரிது. போனில் செய்தி படித்தவர்கள் கீழே எழுதினார்கள்: சண்டை போடாமலே மெடலா, எங்கள் வீட்டுப் பூனையை அனுப்பியிருந்தால் அதுவும் வாங்கியிருக்குமே. இப்படி எழுதினவர்களில் பாதிப் பேருக்குக் கொசு அடிக்கக் கை எழும்பாது. ஆனாலும் எழுதினார்கள். அதைப் படித்துத்தான் புவனேந்திரன் அரைப்பேர் மெடல் என்று பேர் வைத்தார். தோட்டம் முழுக்க அது பரவிவிட்டது.

பாக்கியலெட்சுமி படங்கின் முடிச்சை இழுத்து முடிக்கவும் அவளுடைய பட்டன் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. பெரட்டுக் களத்தில் பேச்சு கேட்கிற அளவுக்கு சிக்னல் உண்டு. படம் பார்க்க வேண்டுமானால் ஏழாம் நம்பர் மலை உச்சியில் இருக்கிற பாறைக்கு ஏற வேண்டும்.

“பாக்கியம் அக்கா, நிஸாம் பேசுறேன்” என்றது போன். அணியோடு உதவிப் பயிற்சியாளராக அவனும் போயிருந்தான். “பக்கத்துல டீம் மெனேஜர் சார் நிக்கிறாரு. அவரு சொல்றத நான் உங்களுக்குச் சொல்றேன்.”

“சொல்லுங்க மாஸ்டர். புள்ளைக்கு என்னா?”

“வலது கையில சுண்டுவிரல் முட்டி வீங்கியிருக்கு. பயிற்சியில பட்டது. ஒடையல. ஆனா இன்னைக்கு எதிர்ல வாறவ உலகச் சாம்பியன்க்கா. முந்தாநாள் கால் இறுதியில ஒருத்திய ஒரு நிமிசத்துல விழுத்திட்டா. காலையில எடை பாத்தாச்சு. இனி ரிங்குல ஏறத் தேவயில்ல, டொக்டர் கடதாசி குடுப்பாரு, மெடல் எப்பிடியும் கைக்கு வரும்னு சார் சொல்றாரு. அடிபட்டு விழுந்தா நாட்டுக்கே வெக்கமாம். ஜெயந்தினி கேக்க மாட்டேங்கிறா. பெத்தவ நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பான்னு போன் எடுக்கச் சொன்னாரு.”

பாக்கியலெட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்குகிற அவள் புருஷன் விஜேந்திரனும் விடிகாலையிலேயே போன் எடுத்து, “மெடல்தான் கெடைக்கிதே, எதுக்கு இருக்கிற பல்லையும் ஒடச்சிக்கணும், வேணாம்னு சொல்லு” என்று சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளை முழுசாக வீடு வந்து சேர வேண்டும் என்றுதான் எந்தத் தகப்பனும் நினைப்பான்.

“நீங்க என்னா சொல்றீங்க மாஸ்டர்?”

நிஸாம் குரலைத் தாழ்த்தினான். “கை தாங்கும்க்கா. வெல்றது கஷ்டம். ஆனா அவளால நின்னு அடிக்க முடியும். எனக்குத் தெரியும்.”

“புள்ளைகிட்ட குடுங்க.”

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஜெயந்தினி வந்தாள்.

“சாப்டியாடி?” என்று பாக்கியலெட்சுமி முதலில் கேட்டாள்.

“சாப்டேம்மா.”

“கை?”

“வீங்கிருக்கு. மடக்க முடியுது.”

“அவ ரொம்ப அடிப்பாளா?”

“அடிப்பாம்மா. சும்மாவா சாம்பியன் ஆக்குவாங்க?”

“பயமா இருக்கா?”

“இருக்கு.” ஜெயந்தினி மூச்சு விடுவது கேட்டது. “ஆனா ஏறாம மெடல வாங்கிட்டு வந்தா, மத்த பாதியில நீ எங்க போனன்னு ஊரே கேக்கும்மா. நான் என்னா சொல்ல?”

பாக்கியலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். களத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோடு கொழுந்து ஆயும் விசாலாட்சி வெற்றிலை மெல்லுவதை மறந்து வாயைத் திறந்தபடி நின்றாள். புவனேந்திரனும் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு காதை இந்தப் பக்கம் கொடுத்திருந்தார். வேண்டாமடி என்ற சொல் பாக்கியலெட்சுமியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெற்றவளுக்கு அது வராமல் இருக்குமா? அதைக் கடித்து விழுங்கினாள்.

“ஏறு” என்றாள், களம் முழுக்கக் கேட்கிற மாதிரி. “தோத்தா தோத்துட்டு வா. விழுந்தா எந்திரிச்சு வா. ஏறாம மட்டும் வராத. அரைப்பேர் வாங்குறதுக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தி போதும்.”

“சரிம்மா” என்றாள் ஜெயந்தினி. அவள் சிரிப்பது குரலில் தெரிந்தது.

போனை மறுபடி வாங்கிய நிஸாமிடம் மெனேஜர் ஏதோ கேட்டார். நிஸாம் சிங்களத்தில் பதில் சொன்னான். பாக்கியலெட்சுமி சொன்னதைவிட அது கொஞ்சம் நீளமாகவே இருந்தது. மெனேஜர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நகர்வது கேட்டது. “நம்ம நேரத்துக்கு ஒன்னே முக்காலுக்குச் சண்டைக்கா” என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

புவனேந்திரன் தொண்டையைச் செருமினார். “ஒன்னே முக்கால்னா வேல நேரம். மலைய விட்டு ஒருத்தியும் அசையக் கூடாது. இப்பவே சொல்லிப்புட்டேன்.”

அன்று இரண்டாம் நம்பர் மலையில் கொழுந்து. பாக்கியலெட்சுமியின் கை எப்போதும் வேகமானது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிப் போடுவதை அவள் கண் பார்க்காமலே விரல் செய்துவிடும். அன்று விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. களத்தில் பேசும்போது இருந்த வீறாப்பு, தனியாகத் தேயிலை நிரையில் நின்றபோது வடிந்து போயிற்று. என்ன வாயடி இது, பெற்ற பிள்ளையை அடி வாங்கப் போ என்று அனுப்புகிற தாய் எங்காவது உண்டா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். கண் ஒன்று போய்விட்டால்? மூக்கு உடைந்துவிட்டால்? நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் யார் பதில் சொல்வது? மறுபடி போன் எடுத்துச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை மடியில் கை வைத்தாள். இரண்டாம் நம்பரில் சிக்னல் இல்லை. அது நல்லதாகப் போயிற்று.

பகல் நிறுவையில் அவளுடைய சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டியபோது முள் பதினொன்றில் நின்றது. புவனேந்திரன் ஒன்பது என்று எழுதினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நிஸாம் ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. அங்கேயும் காலையில் தராசில் ஏற வேண்டுமாம். ஆனால் அங்கே ஏறி நிற்கிறவளே எண்ணைப் பார்த்து, எழுதியது சரிதானா என்று பார்த்து, கையெழுத்தும் போடுவாளாம். அதைக் கேட்டபோது பாக்கியலெட்சுமி நம்பவில்லை. நிறுக்கப்படுகிறவளுக்குப் புத்தகத்தைக் காட்டுகிற தராசும் உலகத்தில் இருக்கிறதா என்று நினைத்தாள்.

ஒன்றே கால் மணிக்கு அவள் கொழுந்துச் சாக்கைத் தேயிலைச் செடிக்கு அடியில் வைத்துவிட்டு ஏழாம் நம்பர் பாறையை நோக்கி ஏறத் தொடங்கினாள். பக்கத்து நிரையில் இருந்த விசாலாட்சி, “இரு பாக்கியம், ஒன் போன்ல வெறும் டார்ச் லைட்டுதான் இருக்கு. எம் போன் இல்லாம என்னாத்தப் பாப்ப?” என்று பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. திரும்பிப் பார்த்தபோது பதினொரு பேர் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“ஏய்! எங்க போறீங்க? எல்லார் பேரையும் வெட்டிப்புடுவேன்!” என்று கீழிருந்து புவனேந்திரன் கத்தினார்.

“வெட்டுறது ஒங்களுக்குப் புதுசா?” என்று விசாலாட்சி திரும்பாமலே பதில் கொடுத்தாள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பேர் எழுதிக்கொண்டு வருவதற்காகப் புவனேந்திரனும் மூச்சு வாங்கியபடி மேலே ஏறினார்.

பாறையில் காற்று ஆளைத் தள்ளியது. விசாலாட்சி முதுகுக் கூடையை இறக்கிப் போனை அதில் சாய்த்து வைத்தாள். பன்னிரண்டு தலைகள் அதைச் சுற்றிக் குனிந்தன. படத்தில் ஒரு பெரிய மண்டபம், நடுவில் கயிறு கட்டிய மேடை. சிவப்புச் சட்டையில் ஜெயந்தினி ஏறினாள். தலைக்கவசத்துக்குள் முகம் சின்னதாகத் தெரிந்தது. அறிவிப்பாளர் அவள் பேரை எப்படியோ உடைத்து நொறுக்கிச் சொன்னார். எதிரே நீலச் சட்டைக்காரி. எங்கேயோ பனி பெய்கிற நாட்டுக்காரி. தோள் இரண்டும் கதவு அகலம்.

“அடியாத்தி, இவளா?” என்றாள் விசாலாட்சி. பிறகு பாக்கியலெட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று நிமிடம் கொண்ட மூன்று சுற்று. முதல் சுற்றைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஜெயந்தினி அடி வாங்கினாள். நீலச் சட்டைக்காரியின் இடது கை வருவதும் போவதும் தெரியவில்லை, பட்ட பிறகுதான் தெரிந்தது. இரண்டு நிமிடம் போனபோது ஒரு குத்து தாடையில் இறங்கியது. ஜெயந்தினி முழங்கால் மடங்கிக் கயிற்றில் சாய்ந்தாள். நடுவர் குறுக்கே வந்து விரலை நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பாக்கியலெட்சுமிக்கு உலகமே நின்றுவிட்டது. நான்தான் ஏறச் சொன்னேன், நான்தான் ஏறச் சொன்னேன் என்று மட்டும் மனதுக்குள் ஓடியது. ஆறாவதில் ஜெயந்தினி நிமிர்ந்தாள். எட்டில் கையைத் தூக்கிக் காட்டினாள். மணி அடிக்கும் வரை எப்படியோ தப்பித்தாள்.

“போதும்னு சொல்லியிருக்கலாம்” என்று பின்னால் ஒரு குரல் முணுமுணுத்தது. புவனேந்திரன். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பெண்களின் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லித் திருத்த அப்போது யாருக்கும் நேரம் இல்லை.

மூலையில் நிஸாம் ஜெயந்தினியின் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசுவது தெரிந்தது. மெனேஜர் என்று நினைக்கத்தக்க ஒருவர் மேடைக்குக் கீழே நின்று கையை வீசிக்கொண்டிருந்தார். ஜெயந்தினி அவர் பக்கமே திரும்பவில்லை.

இரண்டாம் சுற்றில் அவள் வேறு மாதிரி ஆடினாள். பின்னால் போவதை விட்டுவிட்டு ஒட்டி நின்றாள். நீலச் சட்டைக்காரிக்குக் கை வீச இடம் கிடைக்கவில்லை. வீங்கிய வலது கையைத் தூக்கி வைத்துக்கொண்டு இடது கையாலேயே விலாவில் கொடுத்தாள், மறுபடி கொடுத்தாள், மறுபடியும் கொடுத்தாள். கண்ணுக்கு அழகாக இல்லை. ஆனால் சாம்பியனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. “கொடுடி! இன்னும் கொடுடி!” என்று விசாலாட்சி பாறையில் கையால் அறைந்தாள்.

மூன்றாம் சுற்றில் ஒரு நிமிடம் போயிருக்கும். நீலச் சட்டைக்காரி ஒரு பெரிய குத்துக்குக் கையைப் பின்னால் இழுத்தாள். ஜெயந்தினி வலது தோளை இறக்கினாள். அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. பன்னிரண்டு பெண்களும் ஒரு கணக்கப்பிள்ளையும் அந்த வட்டத்தையே பார்த்தார்கள். விசாலாட்சி போனைத் தூக்கி வானத்துக்குக் காட்டினாள். யாரோ முருகா என்றார்கள். பாக்கியலெட்சுமி எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. படங்கின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படம் திரும்பி வந்தபோது நடுவர் எண்ணிக்கொண்டிருந்தார். நாலு, அஞ்சு. அவர் விரல்கள் ஒரு சட்டைக்கு முன்னால் ஆடின. சட்டை நீலம்.

பாறையில் எழுந்த சத்தம் கீழ்த் தோட்டத்துக்குக் கேட்டிருக்கும். அதில் எல்லாவற்றையும்விட உரத்த சத்தம் புவனேந்திரனுடையது. தான் கத்தியது தனக்கே கேட்டதும், காதில் இருந்த பேனாவை எடுத்து மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார். ஜெயந்தினி சுண்டுவிரலைப் பார்க்காமல் வலது கையாலேயே அடித்திருக்கிறாள். கையைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு நடு மேடையில் நின்றாள். எட்டு எண்ணி முடிந்ததும் மறுபடி போனாள். கடைசி மணி அடிக்கும்போது இரண்டு பேரும் நின்று அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நடுவர் நீலக் கையைத் தூக்கினார். மதிப்பெண் போட்ட ஐந்து பேரில் நாலு பேர் நீலத்துக்கு, ஒருவர் சிவப்புக்கு. அது நியாயம்தான், பாக்கியலெட்சுமிக்கே தெரிந்தது. முதல் சுற்றில் வாங்கிய அடி கொஞ்சமா? சாம்பியன் வந்து ஜெயந்தினியைக் கட்டிப் பிடித்து, காதில் ஏதோ சொன்னாள். பாக்கியலெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தோற்றதற்காக அழவில்லை. பிள்ளை நின்றுகொண்டிருந்தாளே, அதற்காக அழுதாள். பெருமையை அடக்கத் தெரியாமல் அழுதாள்.

கால் மணி நேரத்தில் போன் வந்தது. “அம்மா, தோத்துட்டேன்.”

“பாத்தேன்டி. ஒம்போது நிமிசமும் பாத்தேன். ஊடால ஒரு வட்டம் சுத்துச்சு, அத மட்டும் பாக்கல.”

“அதுலதாம்மா நான் அடிச்சேன்!” என்று ஜெயந்தினி கத்தினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“கை?”

“ஒடஞ்சிருச்சு போல. படம் எடுக்கக் கூட்டிட்டுப் போறாங்க. வலிக்கல.”

“பொய் சொல்லாத.”

“ரொம்ப வலிக்குதும்மா” என்றாள் மகள்.

மறுபடி இரண்டாம் நம்பருக்கு இறங்கும்போது மணி இரண்டரை தாண்டிவிட்டது. பாக்கியலெட்சுமி விட்ட இடத்தில் நிரையைப் பிடித்தாள். விரல் இப்போது சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் போன நேரம் போனதுதான்.

மாலை நிறுவைக்கு நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். தராசடியில் நின்ற புவனேந்திரன் காலையில் பார்த்த ஆளாக இல்லை. முகமெல்லாம் பல்லாக இருந்தார்.

“வாங்க பாக்கியம், முன்னுக்கு வாங்க. நம்ம தோட்டத்துத் தொர போன் எடுத்தாரு. ஒங்க மக சண்டை போட்டது எல்லா நியூசுலயும் போகுதாம். நாளைக்கு டீவிக்காரங்க தோட்டத்துக்கு வாராங்க. ஒங்களுக்கு இன்னைக்கு முழுப்பேர் போடச் சொல்லிட்டாரு.” பேனா ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது. “கொழுந்து எவ்வளவுன்னு பாக்க வேணாம். சாக்க அப்பிடியே வச்சிட்டுப் போங்க.”

காலை வரைக்கும் நீ, இப்போது நீங்க. வரிசையில் நின்றவர்களுக்குச் சந்தோஷம். “வாங்கிக்க பாக்கியம்” என்று யாரோ சொன்னார்கள். பாக்கியலெட்சுமி படங்கை அவிழ்த்தாள். மறுபடி இறுக்கிக் கட்டினாள். பிறகு சாக்கைத் தூக்கித் தானே கொக்கியில் மாட்டினாள்.

“முள்ளு என்னா காட்டுதுங்க ஐயா?”

“ஆறு. அத விடுங்க, அதான் சொல்றேனே...”

“பகல்ல என்னா எழுதியிருக்கு?”

“ஒம்போது.”

“பகல்ல முள்ளு பதினொன்னுல நின்னுச்சு. நான் பாத்தேன். பதினொன்னும் ஆறும் பதினேழு.” அவள் குரல் உயரவில்லை. “பதினேழுன்னு எழுதுங்க. பதினெட்டுக்கு ஒன்னு கொறையுது. அரைப்பேர் போடுங்க.”

புவனேந்திரனுக்கு விளங்கவில்லை. “முழுப்பேர் தாறேங்கிறேன், அரைப்பேர் கேக்குறீங்களே. புத்தி கெட்டுப் போச்சா?”

“ஆயாத கொழுந்துக்குப் பேர் எனக்கு வேணாங்க. எம் மக ஏறாத சண்டைக்கு மெடல் வேணாம்னுட்டா. நான் மட்டும் எப்பிடி வாங்குறது? ஆனா ஆஞ்ச கொழுந்துல ஒரு கிலோவும் நீங்க வெட்டக் கூடாது. சாக்கு ஒரு கிலோவா? கையில தூக்கிப் பாருங்க. இன்னைக்கு மழையும் இல்ல. எந்த ஈரத்துக்கு வெட்டுறீங்க?”

அந்த மலையில் யாரும் கேட்காத கேள்வி அது. வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

“இது என்னா புதுப் பழக்கம்?” என்றார் புவனேந்திரன். ஆனால் சத்தம் பாதியாகிவிட்டிருந்தது.

“அவ நின்ன தராசுல நம்பர அவளே பாத்துக் கையெழுத்துப் போட்டா. எனக்கும் புத்தகத்தக் காட்டுங்க. பாத்துட்டுப் போடுறேன்.”

“நாளைக்கு டீவிக்காரங்க முன்னால இதெல்லாம் பேசாதீங்க பாக்கியம்.”

“நானா பேச மாட்டேன். கேட்டா உள்ளதச் சொல்லுவேன்.”

புவனேந்திரன் அவளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பகலில் பாறையில் தானும் கத்தியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் காதுப்பக்கம் ஒரு தடவை கை போய் வந்தது. பிறகு ஒன்பதை அடித்துப் பதினொன்று என்று எழுதினார். அதன் கீழே ஆறு. பக்கத்தில் அரைப்பேர். புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். பாக்கியலெட்சுமி குனிந்து விரலை வைத்துப் பார்த்து, எழுத்துக் கூட்டித் தன் பேரைப் போட்டாள். முப்பது வருடத்தில் அந்தப் புத்தகத்தில் அவள் கை படுவது அதுதான் முதல் தடவை.

அடுத்தது விசாலாட்சி. அவள் சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். பகலில் அவளுடைய முள் பன்னிரண்டில் நின்றது, எழுதியது பத்து. இப்போது வெட்டினால் அவளுக்கு அரைப்பேர். வெட்டாவிட்டால் முழுப்பேர், ஒரு கிலோ மிச்சமும் வரும். புவனேந்திரனின் பேனா புத்தகத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

பாக்கியலெட்சுமி லயத்துக்குப் போகவில்லை. தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்று, முள்ளை அண்ணாந்து பார்த்தாள்.

“ஏழு” என்றாள், மலை முழுக்கக் கேட்கிற மாதிரி.

புவனேந்திரன் பத்தை அடித்துப் பன்னிரண்டாக்கினார். கீழே ஏழு என்று எழுதினார். இன்னும் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். கடைசிச் சாக்கு இறங்கும் வரைக்கும் அவள் அங்கேயே நின்று ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொன்னாள்.